இரண்டாம் சனிக்கிழமை வண்டி

கணவருக்கு மாட்டிவிட்ட சட்டையின் மூன்றாவது பொத்தானை அவள் போட்டுக்கொண்டிருந்தபோது கீழே ஹாரன் கேட்டது. பழைய மின்சாமான்களை மறுசுழற்சிக்கு எடுத்துப்போகும் வண்டி. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை தவறாமல் வந்துவிடும். விடியற்காலையில் மூச்சு நின்ற மனிதரைக் கூடத்தில் கிடத்தியிருப்பது வண்டிக்கு எப்படித் தெரியும்?

செத்த போன், எரிந்த சார்ஜர், ஓடாத மிக்சி எதையும் குப்பையில் போடக்கூடாது, கீழ்த்தளத்து அறையில் சேர்க்க வேண்டும், மாடிக்கு ஒருவராக முறை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குடியிருப்புக் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். மூன்றாம் மாதமே தூக்கிய கைகளைக் காணோம். மிஞ்சியது இரண்டு பேர், அவள் கணவரும் மூன்றாம் மாடி நர்ஸும். சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் எதிரெதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தீப்பொறி வராமலிருக்கப் பேட்டரி முனைகளில் டேப் ஒட்டுவார்கள். அவர் சிரித்த முகமாக மேலே வருவார். அவளுக்கு வயிறு எரியும். நர்ஸ் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அண்ணனாம்! பேட்டரிக்கு டேப் ஒட்டுவதில் சிரிக்க என்ன இருக்கிறது? வீம்புக்கு, வீட்டில் செத்துக் கிடந்த ஒரு போனைக்கூட அவள் அந்த அறைக்குக் கொடுத்ததில்லை.

நர்ஸ் வாசலில் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. தன் கண்களைவிட அதிகமாக வீங்கியிருப்பதாக அவளுக்குப் பட்டது. அதுவும் பொறுக்கவில்லை.

"அக்கா, வண்டி வந்திருக்கு. அடுத்த மாசம் வரச் சொல்லிடவா?"

"எதுக்கு? இன்னிக்கு அவர் முறைதானே. நான் வரேன்."

"அம்மா, இந்த நேரத்திலயா?" என்றாள் மகள்.

"பத்து நிமிஷம். அப்பா எங்கயும் போயிட மாட்டார்."

கீழே போனதும் முந்திக்கொண்டு, மேசைமேல் தனியாக இருந்த போனை எடுத்தாள்.

"அக்கா, அதை அழுத்திடாதீங்க! பேட்டரி உப்பியிருக்கு, தீப்பிடிச்சுக்கும். மணல் வாளியில வெச்சுத்தான் குடுக்கணும். அண்ணன் சொல்லிக் குடுத்தது."

அவளுக்கு அவர் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

பெட்டிகளை ஏற்றியதும் வண்டிக்காரர் தாளை நீட்டினார். ஒப்படைப்பவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். "சார் வரலையா?" என்று கேட்டார். நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்ல. அவருக்குப் பதிலா நான்."

அவள் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது நர்ஸ் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே காது மிஷின்.

"இதையும் குடுத்துடலாமா, இல்ல நீங்க வெச்சுக்கறீங்களா அக்கா?"

மிஷின் கெட்டுப்போய்விட்டது, கீழே பெட்டியில் போட்டுவிட்டேன் என்று அவர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து தொண்டை கிழியக் கத்தித்தான் அவரோடு பேசியிருக்கிறாள்.

"வேலை செய்யுதா இது?"

"நல்லா செய்யும்க்கா. இங்க வந்ததும் மாட்டிப்பார். போறப்ப கழட்டி வெச்சுட்டுப் போவார்."

"மேல ஏன் போடல?"

நர்ஸ் தரையைப் பார்த்தாள். "எனக்கு எப்படிக்கா தெரியும்?"

கேட்டவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாக அவள் கத்தியதெல்லாம் இந்தச் சனிக்கிழமைகளைப் பற்றித்தான்.

மிஷினைக் கையில் வாங்கினாள். நகத்தால் நெம்பி, பொட்டு அளவு பேட்டரியை வெளியே எடுத்தாள். டேப்பைப் பல்லால் கிழித்துக் கோணலாக ஒட்டினாள். இரண்டையும் வண்டிக்காரர் நீட்டிய தட்டில் போட்டாள். நர்ஸின் கை அதன் பின்னாலேயே நீண்டு, பாதியில் நின்றது. அதைப் பார்க்க அவளுக்கு ஒரு கணம் இனித்தது. அந்த ஒரு கணம்தான்.

மேலே வந்தபோது கூடத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஒதுங்கி வழி விட்டார்கள். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, வலது காதருகே குனிந்தாள்.

"வண்டி போயிடுச்சு" என்றாள், பக்கத்திலிருந்த மகளுக்குக்கூடக் கேட்காத குரலில்.