ஏரோதின் தாடி

செல்வதாசின் தாடி வளர்ந்த வேகத்தைப் பார்த்து ஊரிலுள்ள ரப்பர் மரங்களெல்லாம் வெட்கப்பட்டன. முழுதாக நம்ப வேண்டாம், பாதியை நம்பினால் போதும். ஒரு தேன்சிட்டு வந்து கூட்டுக்கு இடம் பார்த்துவிட்டுப் போனதாகக்கூடப் பேச்சு.

சும்மா வளர்த்த தாடியில்லை அது. சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவன்தான் குழந்தை இயேசுவைக் கொல்லப் பார்த்த ஏரோது ராஜா. போன வருஷம் பிள்ளைகளை வெட்டச் சொல்லி அலறும்போது ஒட்டுத்தாடி கழன்று மைக்கில் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு சபையே மைக்கைத்தான் ராஜாவாகப் பார்த்தது. நாடகத்தை எழுதியவள் அவன் மனைவி குளோரி. இந்த வருஷம் சொந்தத் தாடி இல்லையென்றால் வேறு ராஜாவைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், செல்வதாஸ் தீயணைப்புக்காரன். புகைக்குள் போகிறவன் முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்கும் போட வேண்டும். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டணும். நடுவில் மயிர் நின்றால் ஒட்டாது. ஆபீசர் கேட்டபோது, முகத்தில் தடிப்பு, களியக்காவிளை டாக்டர் பிளேடு தொடக்கூடாது என்கிறார் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டான். மாஸ்க் ஒட்டிப் பிடித்தால் உள்ளே போ, பிடிக்காவிட்டால் வெளியே பம்ப்பைப் பார் என்றார் ஆபீசர். பம்ப் பக்கத்தில் நிற்பது அவனுக்கு மாமனார் வீட்டில் சும்மா இருப்பது மாதிரி. எந்தத் தீயானாலும் முதலில் நுழைந்து பழகிய ஆள்.

ஆகவே பரிசோதனைக்கு முன்னால் கக்கூசுக்குள் போய் ஒரு டப்பா வாசலினையும் தாடியில் அப்பிக்கொண்டான். மாஸ்க்குகளைக் கழுவிச் சரிபார்க்கிறவன் ஆன்ஸ்லின். காற்று வரும் வாயை உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுக்கச் சொன்னான். மாஸ்க் கன்னத்தைக் கவ்வியது. “பிடிக்குது சார்” என்று ஆன்ஸ்லின் வாய்நிறையச் சொன்னான்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் புதுக்கடைப் பக்கத்திலிருந்து போன் வந்தது. ரிட்டயர்டு டீச்சர் ராஜபாயின் கார் ஷெட்டில் தீ. இன்வெர்ட்டர் பேட்டரி வெடித்து, மேலே கம்பில் உலரப் போட்டிருந்த ரப்பர் ஷீட்டில் பிடித்திருக்கிறது. புகை கன்னங்கரேலென்று எழும்பியதில் மூன்று ஊர்க் கோழிகள் ராத்திரியென்று கூண்டில் அடைந்தன. ஷெட்டையும் வீட்டையும் பிரிப்பது ஒரே ஒரு அடுக்களைக் கதவு. காருக்கு அந்தப் பக்கம் நிறைந்த கேஸ் சிலிண்டர் ஒன்று இருக்கிறதென்று டீச்சர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

ஆபீசர் கரண்டை நிறுத்தச் சொல்லி, ஷட்டர் சரிந்து விழாமல் இருபுறமும் முட்டுக் கொடுத்தார். ஷெட் வாசலில் நின்று தண்ணீர் அடித்தால் தீ வீட்டுக்குள் ஓடும். அதனால் அடுக்களை வழியாகப் புகுந்து தீயை வெளியே தள்ளணும். காரின் மூக்குக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது, சூட்டில் பம்பர் தெறிக்கும். போகிறவர்கள் இரண்டு பேர், வரும்போதும் இரண்டு பேர். ஒருவனுக்கு முடியாவிட்டால் மற்றவன் தோளைத் தட்டணும், உடனே இருவரும் வெளியே.

முன்னால் குழாயோடு கூட வேலைபார்க்கும் இளையவன் ஷிபின், பின்னால் செல்வதாஸ். தவழ்ந்து பாதிதூரம் போயிருப்பார்கள். வேர்வையில் வாசலின் இளகி வழிந்தது. கன்னத்தோரம் ஸ்ஸ் என்று ஒரு சத்தம். உள்ளேயிருந்த காற்று தாடி வழியே வெளியே ஓட, இழுத்த மூச்சோடு ரப்பர் புகை தொண்டைக்குள் இறங்கியது.

ஷிபினின் தோள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தட்டியிருக்கலாம். தட்டினால் ஏன் என்று கேட்பார்கள். கேஸ் சிலிண்டர் இந்தா தெரிகிறது, இன்னும் கொஞ்சம், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்த மூச்சில் உலகம் சாய்ந்தது. மூச்சுமுட்டிப் பதறிய வெப்ராளத்தில் கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுத்தான். அது ஷிபினின் கழுத்தை மூடியிருந்த துணி. அது விலகிய இடத்தில் மேலேயிருந்து உருகிய ரப்பர் சொட்டியது. ஷிபின் குழாயைப் போட்டுவிட்டு, கத்திக்கொண்டே அவனை அடுக்களை வழியாக இழுத்து வெளியே கொண்டுவந்தான்.

அடுத்த இருவர் போய்த்தான் சிலிண்டரை எடுத்தார்கள். அதற்குள் அடுக்களையில் பாதி போய்விட்டது. ஒன்றும் அறியாத ராஜபாய் டீச்சர் வந்து, முற்றத்தில் இருமிக்கொண்டிருந்த செல்வதாசின் தாடையைத் தடவி, “உயிரக் குடுத்துட்டியே மக்கா” என்று கண் கலங்கினார். அந்தக் கை பட்ட இடம்தான் அவனுக்குப் பெரிய தீக்காயம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் ஷிபின் ஆபீசரிடம் மாஸ்க் லீக் என்று மட்டும் சொன்னான். எல்லார் கண்ணும் ஆன்ஸ்லின்மேல் போனது. தான் சரியாகப் பார்த்ததாக அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. இனி எந்தக் கருவியையும் தொடக்கூடாது, காலையில் எழுத்தில் பதில் தரணும் என்றார் ஆபீசர். செல்வதாசுக்கு இருமல் வந்தது. அதையே பதிலாக வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தான். மாஸ்க் கழற்றியும் புகை போகவில்லை, நெஞ்சுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. விடிந்ததும் குளோரியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். நாடகத்தைப் பற்றி ஏதாவது சொல்வாளென்று பயந்தான். அவள் புது பிளேடைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டு, ஷிபினுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஷிபினால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, உடம்போடு திரும்பினான். மழுமழு முகத்தைப் பார்த்து, “என்ன அண்ணே, தடிப்பே இல்லாத இந்த மொகத்தோட போனா மாட்டிக்கிடுவீங்கல்லா? நான்தான் மாஸ்க்குன்னு சொல்லிட்டேனே” என்றான்.

“அப்ப ஆன்ஸ்லின்?”

ஷிபின் அதை யோசித்திருக்கவில்லை. “ஆபீசர்ட்ட போயிட்டு வாங்க அண்ணே” என்றான்.

ஸ்டேஷனில் ஆபீசர் அந்த முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

“மாஸ்க்குல குத்தமில்ல சார். வாசலின் தேச்சுட்டுத்தான் டெஸ்டுக்கு நின்னேன். ஆன்ஸ்லினுக்குத் தெரியாது.”

“அப்போ தடிப்பு?”

“தடிப்பும் கெடையாது சார். ஏரோது.”

ஆபீசர் அந்தப் பெயரை வியாதியென்று நினைத்தாரோ என்னவோ, விளக்கம் கேட்கவில்லை. விசாரணை முடியும்வரை பம்ப்தான் என்றார். பிறகு ஆன்ஸ்லினைக் கூப்பிட்டு, அதே மாஸ்க்கை இவன் முகத்தில் இப்போதே போட்டுக் காட்டச் சொன்னார்.

ஆன்ஸ்லின் மாஸ்க்கைக் கொண்டுவந்தான். வார்களை ஒவ்வொன்றாக இழுத்தான். காற்று வரும் வாயை உள்ளங்கையால் பொத்தினான். செல்வதாஸ் மூச்சை இழுத்ததும் மாஸ்க் முகத்தை அப்படியே கவ்வியது. ஒரு துளி காற்றுக்கு வழியில்லை.

“பிடிக்குது சார்” என்றான் ஆன்ஸ்லின்.

ஆபீசர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஆன்ஸ்லின் பொத்திய கையை எடுக்கவில்லை. மாஸ்க்கின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கண் நேராக இவனைப் பார்த்தது. செல்வதாசும் கையைத் தட்டிவிடவில்லை, நெஞ்சு அடைக்க அடைக்க அப்படியே நின்றான்.