ஆடாத வண்டி

காளியண்ணன் பலாப்பழத்துக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டதை முதலில் பார்த்தது மலைமேல் சோளக்காடு ஊரில் டீக்கடை வைத்திருக்கிறவர்தான். பார்த்தவர் சும்மா இருப்பாரா? "ஏனுங்க, மாமனாரைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காளியண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அந்தப் பழம் அவன் மகள் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது.

மகள் பெயர் பூங்குழலி. நாமக்கல்லில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் படிப்புக்காக அம்மா சுகுணாவும் கூடவே மலையை விட்டுக் கீழே இறங்கி, ஒரு ஜவுளிக்கடையில் வேலை தேடிக்கொண்டு, வாடகை வீட்டில் இருக்கிறாள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை ஒன்றும் இல்லை. அவன் இருக்கும் அரியூர் நாட்டு மலை ஊர்களில் இப்போது பல வீடுகள் இப்படித்தான் ஆகிவிட்டன. பிள்ளை கீழே, பிள்ளையோடு அம்மா கீழே. மரவள்ளியும் மிளகும் ஒரு மாடும் வைத்திருக்கிறவன் மட்டும் மேலே.

முதலில் விடுமுறை விட்டால் பூங்குழலி வந்துகொண்டுதான் இருந்தாள். போன கோடையில் காரில் ஏறி வரும்போது வழியெல்லாம் வாந்தி. வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்தவள், அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. அதோடு சரி. எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்தான். "வண்டி ஆட்டுதுங்கப்பா. வாந்தி வருது. நான் வரலீங்கப்பா."

அதனால் காளியண்ணன்தான் கீழே போய் வந்தான். போனால் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவான். சுகுணா கொடுக்கிற காப்பியைக் குடிப்பான். "நல்லா படிக்கிறியா கண்ணு?" என்பான். மகள் "ம்" என்பாள். பிறகு அவன் மின்விசிறியைப் பார்ப்பான், அவள் போனைப் பார்ப்பாள். மாடு கறக்க நேரமாகிறது என்று எழுந்துவிடுவான். மலையேறி வந்து, ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, டிவியைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவான். டிவியில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. வீட்டில் ஒரு சத்தம் வேண்டும், அவ்வளவுதான்.

மகள் ஏன் வர மாட்டேன் என்கிறாள் என்று வேறு ஒருவனாக இருந்தால் பல மாதிரி யோசித்திருப்பான். காளியண்ணனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லையா, கழற்றிப் பார். கொடி வாடுகிறதா, வேரைப் பார். மகள் வண்டி ஆட்டுகிறது என்றாள். அவன் வண்டியைப் பார்த்தான்.

பார்க்கத் தொடங்கியவனுக்குப் போனில் ஒரு பெரிய உலகமே திறந்துகொண்டது. எந்தெந்த நாட்டுக்காரனோ காருக்கு அடியில் படுத்துக்கொண்டு விளக்கம் சொன்னான். மொழி புரியாவிட்டாலும் படம் புரிந்தது. வளைவில் திரும்பும்போது காரின் இரும்புக் கூடே கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறதாம். பானெட்டுக்குள் இரண்டு பக்கத்து ஷாக் அப்சார்பர் தலைகளையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி குறுக்கே ஒரு கம்பி போட்டால் முறுக்காதாம். அடியிலும் ஒரு கம்பி போட்டால் வண்டி பாறை மாதிரி நிற்குமாம். அப்படிச் செய்தபிறகு ஒருவன் வளைவில் சீறிக்கொண்டு போனான். அந்தப் படத்தைக் காளியண்ணன் எத்தனை தடவை பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது.

கம்பிகள் பார்சலில் வந்தன. அடிவாரத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் தனசேகரன் மாட்டிக்கொடுத்தான். தனசேகரன் கீழ்நாட்டு விவசாயக் குடும்பத்துப் பையன். வேலையில் சுத்தம், வாயில் கொஞ்சம் அலட்சியம்.

"அண்ணா, இது ரேஸ் ஓட்டறவங்க போடறதுங்க. நீங்க மரவள்ளி மூட்டை ஏத்தற ஆளு."

"நீ மாட்டு தம்பி. நான் சொல்றன்."

மாட்டி முடித்து மலையேறிய முதல் நாளே காளியண்ணனுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங் கைக்கு அடங்கி வந்தது. வளைவில் வண்டி சாயவே இல்லை. அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. ஆனாலும் தான் ஓட்டும்போது தனக்குத் தெரிவது வேறு, பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவருக்குத் தெரிவது வேறு அல்லவா? பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். யாரைக் கூப்பிடுவது? காட்டுவேலையை விட்டுவிட்டு மலைப்பாதையின் எழுபது வளைவும் சும்மா இறங்கி ஏற யார் வருவார்கள்? யோசித்துப் பார்த்தான். அப்படி உரிமையோடு கூப்பிட தனக்கு ஒரு ஆள்கூட இல்லை என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. தோட்டத்தில் இருந்ததிலேயே பெரிய பலாப்பழத்தை வெட்டி இறக்கி, பெல்ட் போட்டு உட்காரவைத்தான்.

வளைவுக்கு வளைவு அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பழம் அசையாமல் வந்தது. பாதி வழியில் அதோடு பேசவும் ஆரம்பித்துவிட்டான். "இப்ப பாரு கண்ணு, இந்த வளைவுதான் மோசம். ஆடுதா? ஆடல பாத்தியா?" பிறகு தன் குரலே காதில் விழுந்து, வெட்கப்பட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

அந்த வாரமே சுகுணாவுக்குப் போன் செய்து கம்பிகளின் பெருமையை ஒன்று விடாமல் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள். "வண்டி கெடக்கட்டுங்க. அவகிட்டக் கொஞ்சம் பேசுங்க" என்றாள். "பேசறன், பேசறன். போனைக் குடு" என்றான். மகளிடமும் கம்பியைப் பற்றியே பேசினான். "சரிங்கப்பா, பாக்கலாம்" என்றாள் அவள். அந்தப் பாக்கலாம் போதுமானதாக இருந்தது காளியண்ணனுக்கு.

நடுவில் கிளட்ச் போய், வண்டி தனசேகரனிடம் படுத்தது. சரிசெய்து எடுத்துவந்த பிறகு காளியண்ணன் அதில் பத்து நாள் போல ஏறி இறங்கினான். மறுபடி காற்றுப் பிடிக்க நின்றபோது ஒர்க் ஷாப்பில் இருந்த எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான். "அடிக்கம்பி போட்டப்பறம் வண்டியே வேற தம்பி. இப்ப வளைவுல தண்டவாளத்துல போற மாதிரி போவுது."

தனசேகரன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. உள்ளே போய்ச் சுவரோரம் சாத்தியிருந்த ஒன்றை எடுத்துவந்தான். அந்த அடிக்கம்பிதான்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணா. கிளட்ச் எறக்கறப்பக் கழட்டுனனுங்க. திருப்பி மாட்ட மறந்துட்டனுங்க. உங்களுக்குப் போன் பண்ணோணும்னே இருந்தன்."

காளியண்ணன் கம்பியை வாங்கிப் பார்த்தான். மண் ஒட்டிக் காய்ந்திருந்தது. அது இல்லாமல்தான் இத்தனை நாள் தண்டவாளத்தில் போயிருக்கிறான்.

"அப்ப இதுனால ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல முடியாதுங்க. வேகமாப் போனா, டயரும் அதுக்குத் தக்கன இருந்தா, கொஞ்சம் தெரியலாம். நம்ம வளைவுல ரெண்டாவது கியர்ல ஊர்ந்து போறோம். என்னத்த முறுக்கிக்கப் போவுது? வண்டி சாயறது ஸ்பிரிங் சமாச்சாரமுங்க, கூட்டு சமாச்சாரம் இல்ல. உங்க ரப்பர் புஷ்ஷெல்லாம் தேஞ்சு கெடக்குது. அதை மாத்துனா ஆட்டம் கொறையும்."

வேறொருவனுக்குக் கோபம் வந்திருக்கும். காளியண்ணனுக்கு வந்தது பயம். இருக்கிறது என்று நினைத்தால் இருக்கிற மாதிரியே தெரிகிறதே, அப்படியானால் நான் நம்பியது எல்லாமே இப்படித்தானா என்று ஒரு பயம். அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, "கம்பியையும் மாட்டு, புஷ்ஷையும் மாத்து" என்றான். புது டயரும் போட்டான். இனி அந்த வண்டியில் குறை சொல்ல இடமே கிடையாது. ஆடி மாதம் மலையில் நடக்கிற ஓரி விழாவுக்கு வரச்சொல்லி மகளுக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிவருகிறேன் என்றான். "டியூஷன் இருக்குங்கப்பா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காளியண்ணன் மலைமேல் இருக்கும் செம்மேட்டில் மாட்டுத்தீவனம் வாங்கிக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டூரிஸ்ட் வேன் வந்து நின்றது. பாட்டுச் சத்தத்தோடு பெண்பிள்ளைகள் இறங்கினார்கள். டியூஷன் சென்டர் பெயர் போட்ட பேனர் முன்னால் கட்டியிருந்தது. நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ பூங்குழலி இறங்கினாள். கையில் அன்னாசித் துண்டு. வாயெல்லாம் சிரிப்பு.

காளியண்ணன் தவிட்டு மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றான். அவனுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நல்லவேளை, வாந்தி எடுக்கவில்லை என்றுதான். அதற்குப் பிறகுதான் மற்றது புரிந்தது.

மகளும் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது. தோழிகளிடம் ஏதோ சொல்லிவிட்டு அவனிடம் வந்தாள். மூட்டையை டிக்கியில் போட்டுவிட்டுக் காளியண்ணன் காரில் ஏறினான். அவளும் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"நேத்துத்தான் முடிவு பண்ணாங்கப்பா. சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"வளைவுல ஒண்ணும் பண்ணலையா சாமி?"

அவள் குனிந்துகொண்டாள். "தூங்கிட்டேங்கப்பா."

மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு விசேஷத்துக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. பழியைப் பாதை மேல் போட்டுவிடுவார்கள். வளைவில் லாரி நின்றுவிட்டது, மண் சரிந்துவிட்டது, கடைசி பஸ் போய்விட்டது. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும், யார் மனமும் நோகாது. காளியண்ணனே மச்சான் வீட்டுப் புதுமனைக்கு லாரியைச் சாக்குச் சொல்லிப் போகாமல் நின்றவன்தான். பெற்ற மகள் அதே சாக்கைத் தன்னிடம் சொன்னபோது மட்டும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். சாக்கைப் போய் ரிப்பேர் செய்கிற ஆள் உலகத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"அப்பறம் ஏன் கண்ணு வர மாட்டீங்கற? அப்பா மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்கப்பா." கொஞ்ச நேரம் பெல்ட்டை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். பிறகு படபடவென்று சொன்னாள். "நம்ம ஊட்டுக்கு வந்தா நான் என்ன பண்றது? நீங்க காலைலயே காட்டுக்குப் போயிருவீங்க. வந்தா டிவி போட்டுக்குவீங்க. ஒண்ணுமே பேச மாட்டீங்க. நாள் பூராவும் தனியாவே ஒக்காந்திருக்கோணும். அங்க எனக்கு யாரு இருக்காங்க?"

தன் வீட்டில் தனியாக இருப்பது தான் ஒருவன்தான் என்று காளியண்ணன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். வா கண்ணு, இனிமேல் பேசுகிறேன், உன்னோடு பேசத்தான் எனக்கு ஆசை, எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். வேன்காரன் ஹாரன் அடித்தான். பூங்குழலி கதவைத் திறந்தாள்.

"எறங்கறப்ப டிரைவரை மெதுவாப் போகச் சொல்லு சாமி" என்றான் காளியண்ணன்.

வேன் அருவிப் பக்கம் போனது. அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். கடைத்தெருவில் நாலு பேர் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

சாயங்காலம் மாட்டைக் கறந்துவிட்டு வந்து டிவியைப் போடாமல் உட்கார்ந்தான். கீழே போய்ச் சேர்ந்திருப்பாள் என்று கணக்குப் போட்டுப் போன் செய்தான். எதையாவது பேச வேண்டுமே என்று, அடிக்கம்பி கழன்று கிடந்ததும் தெரியாமல் தான் ஒர்க் ஷாப்பில் பெருமையடித்த கதையைச் சொன்னான். பூங்குழலி சிரித்தாள். அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு மறுபடியும் சொல்லச்சொன்னாள். சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். தன்னை வைத்து இவர்கள் சிரிப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

"அப்பறம்?" என்றாள் மகள்.

காளியண்ணனுக்கு அடுத்தது வரவில்லை. எங்கெங்கோ தேடினான். "அப்பறம் ஒண்ணுமில்ல கண்ணு. வெச்சரட்டுமா?"

வைத்துவிட்டான். வைத்த கையோடு மனசு கேட்கவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தான். விறகுக் கொட்டகையில் சின்னதாக ஒரு முனகல் கேட்டது. உடனே திரும்பவும் போன் போட்டான்.

"என்னங்கப்பா?"

"நம்ம செவலை நாயி குட்டி போட்டிருக்குது. நாலு. ஒண்ணு முழுக்க வெள்ளை."

"ஐயோ! எப்பங்கப்பா? இன்னைக்கா?"

"இல்ல... ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்ப ஓடுதுங்க. வெள்ளைய நேத்து பக்கத்துக் காட்டுக்காரர் தூக்கிட்டுப் போயிட்டாரு."

காளியண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து லைன் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.

"ஏங்கப்பா," என்றாள் பூங்குழலி, "இத்தன நாளா ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல? அதைப் பாக்கறதுக்காச்சும் நான் வந்திருப்பனே."

"கார் வேலையா இருந்தன் கண்ணு" என்றான் காளியண்ணன்.