பாதிச் சவரம்

தொப்பை என்ற கைதியின் கழுத்தை அறுத்தவன், மேஸ்திரி என்று பேர்பெற்ற இன்னொரு கைதி. சிறையின் சவர அறையில் இருந்த அத்தனை கைதிகளும் பார்த்தார்கள். ஒரு பீடிக்காக வாய்த்தகராறு. மேஸ்திரி மேசையிலிருந்த சவரக்கத்தியைப் பிடுங்கி ஒரே இழுப்பு இழுத்தான். ரத்தம் கண்ணாடிவரை பீறிட்டது. துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்துத் தொப்பையின் உயிரைக் காப்பாற்றியவன், அந்தக் கத்தியால் மற்றவர்களுக்குச் சவரம் செய்துவிடும் கைதி. கை பட்டதே தெரியாமல் மழிப்பான் என்பதால் எல்லோரும் அவனை நாசூக்கு என்பார்கள். ஆனால் மேஸ்திரி தலைமைக் காவலரின் செல்லப்பிள்ளை ஆயிற்றே. பழி யார் தலையில் விழும் என்று கேட்கவா வேண்டும்?

நன்னடத்தைக்காகத் தண்டனையில் கிடைத்த கழிவு போக, நாசூக்குக்கு அடுத்த மாதம் விடுதலை. குற்றம் உறுதியானால் கழிவு போச்சு, இன்னும் இரண்டு வருஷம். அப்பாவின் முகம் எப்படியிருக்கும் என்று மகள் கேட்பதாக மனைவி சொல்லியிருந்தாள்.

ஒப்புக்கொள்ளச் சொல்லி லத்தியால் முதுகைப் பிளந்தார்கள். இடது கை விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார்கள். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. வலது கையை மட்டும் தொடவில்லை. ஏனென்று அவனுக்குப் புரியவில்லை.

சிறைக் கண்காணிப்பாளரின் அறையில் விசாரணை நடந்தது.

"சாட்சி கூப்பிடலாம்னு விதி இருக்காமேங்க ஐயா?" என்றான் நாசூக்கு.

"யாரு உன் சாட்சி?"

"தொப்பைதாங்க. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சிட்டானாம். யாரு அறுத்ததுன்னு அவனையே கேளுங்க."

"அடிபட்டவனை ஏன்யா அலைக்கழிக்கணும்?" என்றார் கண்காணிப்பாளர். என்ன கரிசனம்! தலைமைக் காவலர் சொன்னதே போதுமாம். கழிவு ரத்து, தனிக்கொட்டடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டார்.

"மேலிடத்து ஆளுங்க வர்றாங்க. இவன் எனக்குச் சவரம் பண்ணிட்டு உள்ள போகட்டும்."

வலது கை தப்பிய காரணம் நாசூக்குக்கு இப்போது விளங்கியது.

நுரை பூசினான். கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, கழுத்தை நீட்டினார். ஒரு கன்னம் முடிந்தது. கத்தி தொண்டைக்கு வந்து நின்றது.

"ஐயா, கழுத்தை அறுக்கறவன்கிட்ட யாராவது கழுத்தை நீட்டுவாங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார். எச்சில் விழுங்கியது கத்திமுனையில் தெரிந்தது. ஒரு இழுப்பு போதும். அவன் கை அதற்குத் துடிக்கத்தான் செய்தது.

கத்தியை மடக்கி மேசைமேல் வைத்தான்.

"எழுதினதை அடிச்சிடுங்க. மீதிப் பாதியை முடிச்சுத் தர்றேன்."

வாசலில் நின்றிருந்த தலைமைக் காவலரின் லத்தி அவன் பிடரியில் இறங்கியது. விழுந்தவனின் வலது கையைப் பூட்ஸ் காலால் மிதித்துத் திருகினார். இனி அது யாருக்கும் தேவையில்லை. அவன் அலறியது முற்றம்வரை கேட்டது.

கண்காணிப்பாளர் நுரையைத் துடைக்காமலே பேனாவை எடுத்தார். அதிகாரியின் கழுத்தில் கத்தி வைத்து மிரட்டினான் என்று புதுக் குற்றம். அதற்கும் முறைப்படி விசாரணை உண்டாம். இந்தத் தடவை சாட்சிக்குப் பஞ்சமில்லை. தீர்ப்புச் சொல்லப்போகிறவரே சாட்சி.