மறந்துபோன சண்டை

ஆஸ்பத்திரியில் ஆறாவது முறை தலைக்குக் கரன்ட் வைத்துவிட்டு வந்த மறுநாள் காலை, என் மனைவி அவள் தங்கைக்கு போன் போட்டாள். நான் முகத்தில் பாதி நுரையோடு கண்ணாடி முன் நின்றிருந்தேன். "ஏண்டி, அக்கா இருக்காளா செத்தாளான்னு ஒரு போன் கிடையாதா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்ததும் ரேசர் கன்னத்தைக் கீறிவிட்டது.

அவர்கள் இருவரும் பேசி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபது வருடம் உட்கார்ந்து, வரிசையில் நிற்பவர்களையெல்லாம் அதட்டியே பழகியவள் என் மனைவி. அப்படிப்பட்டவள் வாயடைத்துப் போனாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தலை வாரமாட்டாள், பசிக்கிறது என்று சொல்லமாட்டாள். மாத்திரை எதுவும் எடுபடவில்லை. கடைசியில் டாக்டரம்மா, மயக்க மருந்து கொடுத்து மூளைக்குச் சில நொடிகள் மின்சாரம் செலுத்தும் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். "சமீபத்துல நடந்தது கொஞ்சம் மறந்துபோகலாம். சிலது திரும்ப வரும், சிலது வராது" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். நான்காவது முறை முடிந்து வீட்டுக்கு வந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்தச் சட்டைய யாரு எடுத்தா? கலர் சகிக்கல." நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். சட்டை, நோய் வருவதற்குச் சற்று முன் அவளே எடுத்துக் கொடுத்தது.

தங்கையோடு போட்ட சண்டையும் அந்தச் சட்டையோடு சேர்ந்து அவள் நினைவிலிருந்து போயிருந்தது. நோய் தொடங்கிய நாட்களில் ஒருமுறை வந்த என் மைத்துனி, "உனக்கு நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. உடம்பு வணங்கல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாள். என் மனைவி எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அதோடு போக்குவரத்து நின்றது.

போன் வந்த அன்று மாலையே மைத்துனி பை நிறைய ஆப்பிளோடு வந்துவிட்டாள். அக்காவைக் கண்டதும் கண் கலங்கியது.

"அக்கா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

நான் பின்னாலிருந்து இருமினேன்.

"என்னடி சொன்ன?"

மைத்துனி என்னைப் பார்த்தாள். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "உன் குக்கரத் திருப்பித் தர முடியாதுன்னு சொன்னா."

"எந்தக் குக்கர்?"

"பெரிய குக்கர்" என்றாள் மைத்துனி, ஈன சுரத்தில்.

மறந்தவற்றை எழுதிவைக்க என் மனைவி ஒரு நோட்டு வைத்திருந்தாள். அதில் 'தங்கச்சி – பெரிய குக்கர்' என்று ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் மைத்துனி ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுக் குக்கர் வாங்கி, புதுசு என்று தெரியாமலிருக்க அடியைத் தீய்த்துக் கொண்டுவந்தாள். என் மனைவி அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"வாங்கின பொருள வச்சிருக்கிற லட்சணமாடி இது? தேய்ச்சுக் குடுக்கக் கை வராதா?"

பத்து நிமிடம் வறுத்தெடுத்தாள். மைத்துனி தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு என் மனைவியின் குரல் இறங்கியது. "ஏங்க, இது எனக்குச் சுத்தமா ஞாபகம் வரல. தினம் புழங்கின பாத்திரமே மறந்துபோச்சுன்னா, இன்னும் என்னெல்லாம் போயிருக்கும்?"

நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"அக்கா, இது உன் குக்கரே இல்ல" என்றாள் மைத்துனி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

என் மனைவி முழுவதையும் கேட்டாள். "அதே மாதிரி சொல்லிக் காட்டு."

மைத்துனி முனகினாள்.

"கவுண்டர்ல இருக்கிறவளுக்குக் கேக்காது. சத்தமா."

சொன்னாள். அதே வார்த்தைகள், கிட்டத்தட்ட அதே குரல். பிறகு என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன். அதுதான் உண்மை.

அவள் நோட்டில் குக்கரை அடித்துவிட்டு, நாலைந்து வரி எழுதி மூடினாள். எங்களிடம் காட்டவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பு பற்றியது, பால் பொங்கும் மணம் வந்தது. மேடையில் ஒரு டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. நானும் மைத்துனியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அடுத்த டம்ளர் வைக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.