சுவரோரத்து இடம்

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் எங்கள் சேர்ந்திசைக் குழுவில் பத்துப் பேர், எல்லோரும் கற்றுக்குட்டிகள். கடைசிச் சுரம் அறுபடாமல் நீள, பயிற்சி தரும் லாக்லன் ஒரு வழி சொல்லியிருந்தார்: பக்கத்தில் நிற்பவர் மூச்சு இழுக்கும்போது நாம் இழுக்கக் கூடாது, அவர் முடித்த பிறகே நம் முறை.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த நான் முன்வரிசையின் ஓரம். இடப்பக்கம் ப்ரான்வின், வலப்பக்கம் தேவாலயக் கூடத்தின் சுவர்.

வியாழக்கிழமை ஒத்திகையில் லாக்லன் கைதட்டிப் பாட்டை நிறுத்தினார். “ரொவீனா, ப்ரான்வின் மூச்சு எடுத்து எவ்வளவு நேரமாச்சு! முகம் செவக்கிற வரைக்கும் எதுக்கு அடக்கிட்டு நிக்கிறீங்க?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்? வலது பக்கத்துல இருக்கிறவங்க அப்பத்தான் இழுத்தாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். “சுவர் என்ன குரல் பாடுது, சோப்ரானோவா?” என்றார் பின்வரிசை கார்டன். திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர். என் வலது காது மட்டும் சில்லிட்டிருந்தது.

ப்ரான்வின் சிரிக்கவில்லை. தேநீர் இடைவேளையில் கோப்பையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்:

“கோவிச்சுக்காத. போன வருஷம் அது என் இடம். புதுசா யாராவது சேர்ந்தா அங்க தள்ளிவிட்டுடலாம்னு காத்துக்கிட்டிருந்தேன்.”