மழை படாத பெட்டி

“தண்ணி படக்கூடாதுன்னு நீங்கதான தாயி சொன்னீக?”

“ஆமாக்கா. சொன்னபடியே பத்திரமாத்தான் வச்சிருந்திருக்கீக. பதிவு சுத்தமா வந்திருக்கு. அதான் பயமா இருக்கு.”

வேல்விழி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறுகிறவர்களின் இதயத் துடிப்பு ஏன் தடுமாறுகிறது என்று ஆராயத் தேனியிலிருந்து வந்தவள் அவள். படபடப்பு வருகிறதென்று சொன்ன அன்னத்தாயின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஒரு நாள் துடிப்பைப் பதியும் சின்னப் பெட்டியை இடுப்பில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

“இங்கன பாருங்க. காலைல ஜீப்பு மலையேறுற நேரம். துடிப்பு அப்படியே நிக்குது. அஞ்சாறு செகண்டு கழிச்சுத்தான் திரும்ப வருது. கண்ணு இருட்டுச்சாக்கா?”

கோடு ஓரிடத்தில் அறுந்து, ஆளில்லாத சாலைபோல நீண்டு கிடந்தது. அன்னத்தாய் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவள் புருசன் சீனிச்சாமி, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, தோட்டத்துக்கு ஆளேற்றும் தன் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அது என் நெஞ்சு இல்ல தாயி.”

“என்னக்கா சொல்றீக?”

“விடியும்போதே மேகம் கூடிருச்சு. தோட்டத்துல நனைஞ்சா பெட்டி கெட்டுப்போகும். வண்டிக்குள்ள இருக்க மனுசனுக்கு மழை படாதுல்ல? நீங்க ஒட்டுன மாதிரியே அவருக்கு ஒட்டிவிட்டேன். ஒரே சட்டிச் சோறு திங்கிறோம், நெஞ்சு மட்டும் வேறயாவா இருக்கும்னு நெனச்சுட்டேன்.”

வேல்விழிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. வாசலுக்கு எழுந்து போனாள்.

“அண்ணே, வளைவு ஏறும்போது கிறுகிறுப்பு வருமா?”

“வரும், போகும். வெறும் வயிறுல்ல? மேல போயி ரெண்டு வடையத் தின்னா இஞ்சின் சரியாயிரும்.”

“வடைக்குச் சரியாகாதுண்ணே. மதுரைக்குப் போயிப் பார்த்துரணும். நெஞ்சுல பேஸ்மேக்கர் கருவி வைக்கவேண்டியிருக்கும், வச்சா நல்லாயிரலாம். அதுவரைக்கும் வண்டியத் தொடக்கூடாது.”

“நல்லாச் சொன்னீக! காலைல வண்டி நெறையாப் பொம்பளைக வந்து நிப்பாகளே, அவுகள உங்க கம்ப்யூட்டரா ஏத்திட்டுப் போகும்?”

சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி அவர் சிரித்தார். அன்னத்தாய் சிரிக்கவில்லை. போடிமெட்டு வளைவுகள் அவள் கண்ணுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் பனி. பின்னால் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டு போவார்கள், அவர் முதுகை நம்பி. அவளும்தான் இத்தனை காலம் தூங்கியிருக்கிறாள். அந்த நேரமெல்லாம் முன்சீட்டில் அந்த நெஞ்சு நின்று நின்று ஓடியிருக்கிறது.

அவள் படியிறங்கிப் போய், ஈரக் கையோடு நின்றவரின் முன்னே உள்ளங்கையை நீட்டினாள்.

“அந்தச் சாவிய எங்கிட்டக் குடுங்க.”