யார் வீட்டுச் சாணி

“டீயைக் குடுத்தமா, திரும்பினமான்னு இருக்கணும். கூட்டத்துல உன் குரல் கேட்கக் கூடாது” என்றார் மாமனார். மருமகள் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பண்ணையில் அத்தனை மாட்டுக்கும் தொழுவம் கழுவுகிறவள் அவள். பண்ணைக்காரர் கூட்டத்தில் நாற்காலி மட்டும் மாமனாருக்கும் புருஷனுக்கும்!

ஓடைத் தண்ணீரில் கிருமி கலந்து பாதி ஊர் வயிற்றுப்போக்கில் விழுந்து எழுந்திருந்தது. கிருமி எங்கிருந்து இறங்குகிறது என்று போனிலேயே காட்டும் ஒரு செயலியைத் தயாரிக்க ஆய்வாளர் அம்மாள் வந்திருந்தாள். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரையும் கேட்டுத்தான் செய்வார்களாம். சுவரில் ஊர் வரைபடம் தொங்கியது. பண்ணைக்கு ஒன்றாகச் சிவப்பு வில்லை கொடுத்து, அழுக்கு வரும் இடத்தில் ஒட்டச் சொன்னாள். வில்லை அதிகம் விழும் இடத்தைச் செயலி சிவப்பாகக் காட்டும். அதிகாரிகள் அங்கே நடவடிக்கை எடுப்பார்கள்.

மாமனார்தான் முதலில் எழுந்தார். ஓடைக்கரையில் கூலிக்குப் பால் கறக்கிறவர்கள் குடியிருக்கும் தெருவின்மேல் வில்லையை அழுத்தி ஒட்டினார். “கக்கூஸ் இல்லாத ஜனம். வேற எங்கேர்ந்து வரும்?” மற்றவர்களும் வரிசையாக வந்து அங்கேயே ஒட்டினார்கள். அடேயப்பா, என்ன ஒற்றுமை! வரப்புத் தகராறில் ஒருத்தர் மண்டையை ஒருத்தர் உடைத்துக்கொண்டவர்கள்தான் இவர்கள்.

அந்தத் தெருவில்தான் சுருட்டை இருந்தாள், தினமும் மருமகளோடு சேர்ந்து பால் கறக்கிறவள். அவள் பிள்ளை ஓடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் எழுந்து நடக்கிறது. இனி தெருவையே காலி பண்ணச் சொல்வார்கள். மழை வந்தால் சாணக்குழி மதகைத் தூக்கி எல்லாவற்றையும் ஓடையில் விடச் சொல்கிறவர் மாமனார். தூக்குகிற கை மருமகளுடையது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

தட்டை மேசையில் ‘ணங்’கென்று வைத்தாள். “அந்தத் தெருவுலேர்ந்து ஏன் ஒருத்தரும் வரலே?”

“பண்ணை வெச்சிருக்கிறவங்களை மட்டுந்தாம்மா கூப்பிடச் சொன்னாங்க” என்றாள் ஆய்வாளர்.

“தண்ணியைக் குடிச்சுட்டு ஆஸ்பத்திரியில படுக்கிறவங்க சம்பந்தப்பட்டவங்க இல்லியா? அழுக்கு எங்க சாணக்குழியிலேர்ந்துதான் போகுது. என் கையாலதான் திறந்து விடுறேன். எனக்கும் ஒரு வில்லை குடுங்க, அங்கே ஒட்டுறேன்.”

மாமனார் பெரிதாகச் சிரித்தார். “அடுப்படியில கிடக்கிறவ, இவளுக்கு என்ன தெரியும்? நீங்க மேலே ஆகவேண்டியதைப் பாருங்கம்மா.” புருஷன் டீயில் எதையோ தொலைத்தவன் மாதிரி குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆய்வாளருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. “பண்ணைக்கு ஒண்ணுதாம்மா கணக்கு. உங்க வீட்டுது ஒட்டியாச்சே” என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. கூட்டம் முடிந்ததும் கை வேறு தட்டிக்கொண்டார்கள்.

செயலி வந்தது. அதில் தெரு சிவப்பு, மாமனார் பண்ணை பச்சை. போவோர் வருவோரிடமெல்லாம் போனை நீட்டி நீட்டிக் காட்டினார். பின்னாலேயே தெருவைக் காலி செய்யச் சொல்லி உத்தரவும் வந்தது. சுருட்டை அழவில்லை. “எங்கே போறதுன்னு மட்டும் சொல்லச் சொல்லுக்கா” என்று கேட்டாள். மருமகளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த மழை மத்தியானமே பிடித்துக்கொண்டது. சாணக்குழி தளும்பியது.

“என்ன உட்கார்ந்திருக்கே? போய் மதகைத் தூக்கு!”

“தூக்க முடியாது மாமா. பலகைக்கு ஆணி அடிச்சுட்டேன்.”

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே சாணித் தண்ணீர் குழியை விட்டு வழிந்து, முற்றத்தை நிறைத்து, படி ஏறிக் கூடத்துக்குள் வந்தது. மாமனார் அலறிக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்றார். “அடிப்பாவி, வீடெல்லாம் நாறுதேடி!”

மருமகள் கணுக்கால் அளவுச் சாணியில் நின்றபடி, மேசைமேல் இருந்த அவர் போனை எடுத்து நீட்டினாள்.

“நாறுதா? இதுல பாருங்க மாமா. நம்ம வீடு இன்னும் பச்சையாத்தானே இருக்கு?”